பின்சீட்டில் இருந்த உரிமம்

"யாரு வண்டி ஓட்டுனது?" என்று கேட்டார் பணியில் இருந்த மருத்துவர். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பதிவேட்டில் குனிந்தபடியே கேட்டார். என் மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முகவாயில் அழுத்திப் பிடித்த பஞ்சு சிவந்துகொண்டிருந்தது. அவளுடைய தம்பி சுவரோரமாக நின்றிருந்தான். அவன் கையில் ஹெல்மெட் இருந்தது.

"என் பொண்ணு" என்றேன்.

மருத்துவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஓட்டுற பொண்ணு ஹெல்மெட் போட வேணாமா? படிச்ச பொண்ணுதானே நீ?" என்றார். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மறந்துட்டேன் சார்" என்றாள்.

ஓட்டியது அவள் இல்லை. ஓட்டியவன் கையில் ஹெல்மெட்டோடு சுவரோரம் நின்றிருந்தான். அவனுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் வீட்டில் ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. யார் ஓட்டுகிறார்களோ அவர்களுக்கு அது. மகளுக்குப் பத்தொன்பது வயது. முறைப்படி எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் காத்திருந்து, எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவள். அந்த அட்டை அன்றைக்கும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. உரிமம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. உரிமம் இல்லாதவன் முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். அப்படி உட்காரவைத்தவள் நான்.

இந்தக் கட்டுரையை அந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்க முடியும். பெண் விடுதலை பற்றி வகுப்பிலும் மேடையிலும் பேசுகிறவள் நான். கவிதைகளும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் மகளின் உரிமம் எங்கள் வீட்டுக்கு ஒரு நெருக்கடியில் முதன்முதலாகப் பயன்பட்டது, தம்பியின் குற்றத்தை அவள்மேல் எழுதிக்கொள்வதற்குத்தான்.

எப்படி அந்த இடத்துக்கு வந்தோம் என்று சொல்கிறேன். செஞ்சியில், திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மகள் திண்டிவனத்தில் படிக்கிறாள். கல்லூரி முடிந்து, பேருந்து பிடித்து, செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பல நாள் இரவு எட்டு ஆகிவிடும். அங்கிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர். ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது. காலையில் அவளே அதை எடுத்துக்கொண்டு போய் நிலையத்தருகே நிறுத்திவிட்டு, இரவில் அவளே ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால், "இருட்டுல தனியா வண்டி ஓட்டிட்டு வர வேணாம், தம்பி வந்து கூட்டிட்டு வருவான்" என்று நான் ஏற்பாடு செய்தேன். அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டாள்: "லைசென்ஸ் யார்கிட்டம்மா இருக்கு?" நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கில்லடி, துணைக்கு" என்றேன்.

விபத்து நடந்தது ஒரு பௌர்ணமி இரவில். கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள் அன்றைக்கு எங்கள் சாலையில் ஓயவே ஓயாது. எதிரே வந்த வேனின் வெளிச்சம் கண்ணைக் கூச, பையன் ஓரம் ஒதுங்கியிருக்கிறான். ஓரத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் முன்சக்கரம் சறுக்கிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் கைப்பிடியைத் திருப்பாமல் வேகத்தைக் குறைப்பார்கள். அவன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். வேறு யாருக்கும் அடிபடவில்லை. அது எங்கள் நல்ல நேரம். ஒரு கிழவியோ, சாலை கடக்கிற குழந்தையோ அந்த ஓரத்தில் நின்றிருந்தால் நான் சொன்ன பொய் வேறு எங்கெல்லாம் போயிருக்குமோ.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் வண்டி ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டிக்கு மட்டும் பதினாறு போதும். அதற்கும் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்த விதி எழுதப்பட்டபோது டி.வி.எஸ். 50 தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வீடுகளில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. ஆக, பதினாறு வயதுக்கென்று சட்டம் வைத்த முதல் படி ஏட்டில் இருக்கிறது, தெருவில் இல்லை. பிள்ளைகள் நேராக இரண்டாம் படியில் கால் வைக்கிறார்கள்.

2019-இல் வந்த திருத்தம் 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பதினெட்டு நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் பிள்ளை ஓட்டினான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்றால் நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. மருத்துவர் கேட்ட அந்த நொடியில் இந்தப் பிரிவுதான் என் தலைக்குள் ஓடியது. ஒன்பது ஆண்டுகள் அவன் வண்டி தொட முடியாது என்று கணக்குப் போட்டேன். மகளைப் பற்றி எந்தக் கணக்கும் போடவில்லை.

அவன் வண்டி பழகிய கதையும் இதில் சேர்த்தி. பதிமூன்று வயதில் அவன் தாத்தாவின் எக்ஸ்.எல். வண்டியைக் களத்தில் ஓட்டினான். யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்தான், எழுந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "தேசிங்கு ராஜான்னு நெனப்பு" என்றார் என் மாமனார், பெருமையாக. அதே வயதில் அவளும் அந்த வண்டியைக் கேட்டாள். "காலு எட்டாது" என்றார்கள். காலெட்டிய பிறகு வேறு காரணம் சொன்னார்கள்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விபத்துக்குப் பிறகு தேடிப் படித்தேன். நியூசிலாந்து 1987-இலேயே படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. பழகுநர், கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர், முழு உரிமம் பெற்றவர் என்று மூன்று நிலை. இரண்டாம் நிலையில் இருப்பவர், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை ஓட்டக் கூடாது. பொதுவாக நண்பர்களை ஏற்றிக்கொள்ளவும் கூடாது. புதிய ஓட்டுநர்களுக்கு ஆபத்து அதிகம் நேர்வது தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்களில், இரவில், கூட்டாளிகள் உடனிருக்கும்போது என்பது அதன் பின்னால் இருக்கும் அறிவு. இந்தியாவில் நமக்கு இருப்பது ஒரே படி, எல்.எல்.ஆர். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்'. அதைக் கடந்து உரிமம் வாங்கிய அன்று இரவே ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாம்.

அந்த மூன்று கட்டுப்பாடுகளையும் படித்தபோது எனக்கு அவை புதிதாகவே தெரியவில்லை. இருட்டிய பிறகு வெளியே போகாதே. கூட்டாளிகளோடு சுற்றாதே. போனால் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டவை இவைதான். என் மகளுக்கு நான் சொன்னவையும் இவைதான். உலகின் இன்னொரு மூலையில் புதிய ஓட்டுநருக்கு விதித்திருப்பதை நம் ஊரில் பெண்ணுக்கு விதித்திருக்கிறோம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில் என்று நினைக்கிறேன். முதலாவது, அந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இரண்டாவது, அதற்குச் சொல்லப்படும் காரணம் ஓட்டுகிறவரின் அனுபவக் குறைவு. அது பழகப் பழகத் தீரும். பெண்ணுக்குச் சொல்லப்படும் காரணம் அவள் உடல். அது தீர்வதில்லை. மூன்றாவதுதான் முக்கியமானது. அந்த விதிக்கு முடிவுத் தேதி இருக்கிறது. குறித்த மாதங்கள் ஓட்டி, முழு உரிமம் பெற்றால் கட்டுப்பாடு கழன்றுவிடும். எனக்குச் சொல்லப்பட்ட விதிக்கு யாரும் தேதி சொன்னதில்லை. நாற்பது வயது தாண்டிய பேராசிரியையான எனக்கு, இலக்கியக் கூட்டம் முடிந்து இரவில் தனியாக வந்தால், இன்றும் வீட்டில் ஒரு கேள்வி காத்திருக்கிறது.

சிட்னியில் இருக்கும் என் தோழி தன் பிள்ளைகள் ஓட்டப் பழகிய கதையைச் சொன்னாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த பழகுநர்கள் 120 மணி நேரம் ஓட்டிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரவை அங்கே ஒரு பாடமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். எதிர்வெளிச்சம் அடித்தால் எங்கே பார்ப்பது, ஓரத்து ஜல்லியை எப்படிக் கடப்பது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறார்கள். நான் என் மகளுக்கு இரவை மறைத்தேன். மகனை இரவுக்குள் அப்படியே தூக்கிப் போட்டேன். இருவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. காதல் கைகூடாத ஆண் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வருவதை மடலேறுதல் என்பார்கள். எந்தத் திணையிலும் பெண் மடலேறுவது மரபில்லை என்கிறது தொல்காப்பியம். திருமங்கையாழ்வார்தான் பிறகு பெரிய திருமடலில் பெண்ணின் குரலில் நின்று அந்த மரபை ஏற்க மறுக்கிறார். இதை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "மட்டைக் குதிரைல கூடவா மேடம் ஏறக் கூடாது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கும் என் வீட்டு ஸ்கூட்டரை மகன்தான் எடுத்துக்கொண்டு போனான்.

எங்கள் ஊருக்கென்று ஒரு குதிரைக்காரன் இருக்கிறான். தேசிங்கு ராஜன், தேஜ் சிங். 1714-இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்துப் போரில் இறந்தபோது அவனுக்கு இருபதைச் சற்றே தாண்டிய வயது. யாராலும் அடக்க முடியாத டெல்லி பாதுஷாவின் குதிரையை இளம்பிள்ளையாக இருந்தபோதே அடக்கியவன் என்று கதைப்பாடல் அவனைக் கொண்டாடுகிறது. போருக்குப் புறப்படும்முன் சிங்கவரம் மலைக்கோயிலில் அரங்கநாதரிடம் உத்தரவு கேட்டானாம். பள்ளிகொண்ட பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பொறு, இப்போது வேண்டாம் என்பது அதற்குப் பொருள். அவன் கேட்கவில்லை. இன்றும் சிங்கவரம் போகிறவர்களுக்கு அந்தத் திரும்பிய முகத்தைக் காட்டுகிறார்கள். காட்டுகிறவர் குரலில் அவன் பொறுக்காததைப் பற்றித்தான் பெருமை. செட்டிக்குளக் கரையில் அவன் சிதையில் அவன் மனைவியும் ஏறினாள். ராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்பார்கள். பொறுமையற்ற இளைஞனுக்குக் கதை. அவனுக்காக எரிந்தவளுக்கு வேறோர் ஊரின் பெயர். அவள் பெயர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தேசிங்கைப் பழிக்கவில்லை. பையன்களுக்குப் பொறு என்று சொல்லவே கூசுகிற ஒரு பழக்கம் நமக்கு எத்தனை காலமாக இருக்கிறது என்று யோசிக்கிறேன். பெண்ணுக்குக் காலமெல்லாம் பொறு. ஆணுக்கு ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அவன் விழும்போது பக்கத்தில் இருக்கிற ஒரு பெண் அதன் செலவை ஏற்றுக்கொள்வாள்.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சொகுசுக் கார் மோதி, இளம் பொறியாளர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இறந்தார்கள். சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் அவனுக்கு முதலில் கிடைத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. பிறகு அவனுடைய ரத்த மாதிரியை எடுத்துவிட்டுத் தாயின் ரத்தத்தை வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி, தாயையும் காவல்துறை கைது செய்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் கோபப்பட்டேன். மகனுக்காக ரத்தத்தை மாற்றிக் கொடுப்பாளா ஒரு தாய் என்று கேட்டேன். எங்கள் விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. இரண்டு உயிர் போன வழக்கும் என் வீட்டு மணிக்கட்டு முறிவும் ஒன்றில்லை. ஆனால் ஆண்பிள்ளையின் இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்து என்று என் வாய் யோசிக்காமலே பேசியது. அந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் தனியாகக் கற்றுத்தரவில்லை.

தோழிகளிடம் இதைப் பேசியபோது ஒருத்தி கோபமாகவே சொன்னாள்: "புதுசா எந்த ரூல் வந்தாலும் மொதல்ல பொண்ணு கழுத்துலதான் விழும். இருபது வயசுக்குள்ள ராத்திரி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டா, பொண்ண நிறுத்துவாங்க. பையன் போய்ட்டேதான் இருப்பான்." அவள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. என் வீடே அதற்குச் சாட்சி. இன்னொருத்தி ஆசிரியை. மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் அவளுடைய மாணவர்கள் சிலர் விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு ஓட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வண்டியைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. பேருந்து விடாமல் விதி மட்டும் போட்டால் அது தொலைவில் இருப்பவர்களுக்கான தண்டனை என்றாள். அதுவும் சரி. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பேருந்து வராத ஊரில் கட்டணமில்லாத பயணத்தால் என்ன பயன்?

இவ்வளவுக்குப் பிறகும் படிகள் வேண்டும் என்றே நினைக்கிறேன். கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சுவர் நினைவுக்கு வருகிறது. நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சுவர்களாக இருந்ததால் அப்படி. செஞ்சியில் பிறந்தவர்களுக்குச் சுவரும் தெரியும், படியும் தெரியும். ராஜகிரி ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கி நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஆனால் நிற்கிற ஒவ்வொரு படிக்கும் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும். உச்சி இருக்கிறது என்பதும் தெரியும். ஒரு கட்டுப்பாடு அறமானதா என்று அறிய, அதற்கு உட்பட்டவர் "எப்போது வரைக்கும்?" என்று கேட்டால் விதித்தவரிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதில் இருந்தால் அது படி. இல்லையென்றால் எத்தனை அன்போடு கட்டியிருந்தாலும் அது சுவர்தான்.

உரிமம், உரிமை இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. என் மகள் உரிமத்தை அரசிடமிருந்து வாங்கிவிட்டாள். உரிமையைத் தர வேண்டிய அலுவலகம் என் வீட்டுக்குள் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவள் நான். சட்டம் என் சம்மதத்தை அனுமானித்துக்கொள்ளும் என்று படித்தபோது முதலில் எரிச்சலாக இருந்தது. நம் வீடுகளில் ஆர்.சி. புத்தகம் அம்மா பெயரில் இருக்கும், சாவி யாரைக் கேட்டு எடுக்கப்படுகிறது என்பது வேறு கதை. எத்தனையோ தாய்மார்களுக்கு அந்த அனுமானம் அநியாயம். என் விஷயத்தில் அது உண்மை. பதினாறு வயதுப் பையன் ஓட்டுவதற்குக் கேட்காமலே சம்மதம் கொடுத்திருந்தேன். பத்தொன்பது வயதுப் பெண் ஓட்டுவதற்குத்தான் கேட்டும் கொடுக்கவில்லை.

அந்தப் பதிவேட்டை நான் போய்த் திருத்தவில்லை. திருத்தினேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைக்கும், ஆனால் அது உண்மையில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். இருவரையும் உட்காரவைத்து, நான் சொன்னது பொய், அதை அக்கா தலையில் வைத்தது தவறு என்றேன். மகள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, "மணிக்கட்டு சரியாயிடும்மா. ஓட்டத் தெரியாதவன்னு அந்த டாக்டர் நெனச்சாரு பாரு, அதான்" என்றாள். மகன் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் சாவியைத் தொடவில்லை. இரண்டாவது ஹெல்மெட் வாங்கினோம்.

கட்டுப் பிரித்து, கைக்கு வலு வந்த பிறகு, இரவில் அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து நாலைந்து வாரம் போய் வந்தேன். ஜல்லி கொட்டியிருந்த அதே இடத்தை அவள் மெதுவாகக் கடந்தாள். பிறகு ஒரு நாள், "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றாள். மறுநாள் எட்டு மணிக்கு வாசலில் நின்றிருந்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. வந்து வண்டியை நிறுத்திவிட்டு, "ஓட்டும்போது எப்படிம்மா எடுப்பேன்?" என்றாள்.

மகனுக்குப் பதினெட்டாக இன்னும் 212 நாள் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு காலையும் எரிச்சலோடு ஒரு தேதியை அடிக்கிறான். எல்.எல்.ஆர். எடுத்த பிறகு இரவில் அக்காதான் பழக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அவன் தாள் கிழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. எண்ணுவதற்கு அவனுக்கு ஒரு தேதி இருக்கிறது. அவன் வயதில் அவளுக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.